மைனி பெட்டியில் பூட்டி வைத்த மருந்து

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாளை மீன் வாங்கினால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் குழம்பு போகும். மருந்தும் அப்படித்தான் போகும். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே குப்பியைக் கழுவிக் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் மருந்தை ஊற்றி, ஒரு காகிதத்தை மடித்துக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, குப்பியின் பக்கத்தில் ஒட்டித் தருவார். மருந்து ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். இருமல் நின்ற பிறகு குப்பியில் மிச்சம் இருந்தால் கொட்டுகிறவர்கள் யாரும் இல்லை. அடுத்த வீட்டில் யார் இருமினாலும் அது அங்கே போய்விடும். "எங்க வீட்டுக்காரருக்கு நல்லா கேட்டுது மக்கா, நீயும் குடிச்சுப் பாரு" என்று கொடுப்பார்கள். வீட்டில் மருந்தை வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது பெரிய குறைச்சல். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் என் மைனி எங்கள் தெருவில் எதற்காக அத்தனை பேச்சு வாங்கினாள் என்று விளங்கும்.

மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் அப்பாவும் அம்மாவும் போன பிறகு கல்யாணம் ஆகாமல் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். இரணியலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். வெள்ளைக்காரன் போய்விட்டான். ஆனால் நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்க்காரர்களாகவே இருந்த வருஷங்கள் அவை. எனக்கு மூணாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மைனி பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை. ஆனால் ஒருவர் ஒரு காரியம் சொன்னால் அதை அவர் வாயால் சொன்னபடியே திரும்பச் சொல்லிக் காட்டுவாள். சொன்னவருக்கே அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று தெளிவாகும். சத்தமாகப் பேச மாட்டாள். சத்தமாகப் பேசுகிறவர்கள் அவள் முன்னால் தானாகவே தணிந்துவிடுவார்கள். அப்படி ஒரு பெண்ணை நான் பிறகு பார்க்கவில்லை.

அண்ணனுக்கு மாட்டுத் தரகு. சந்தைக்குச் சந்தை போய், விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே நின்று விலை முடித்துக் கொடுப்பான். ஒரு நாள் சந்தையில் காளை ஒன்று மிரண்டு, பூட்டியிருந்த வண்டியோடு பின்னால் வந்து, அண்ணனை மதிலோடு சேர்த்து நெருக்கிவிட்டது. துடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எங்கள் ஊர் எலும்பு கட்டுகிற ஆசான் வந்து பார்த்தார். "இது என் கைக்கு மிஞ்சினது. தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றார். அந்த மனிதரையும் நான் நன்றியோடு நினைக்கிறேன். பேருக்காக அவர் கட்டியிருந்தால் அண்ணனுக்குக் கால் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டினார்கள். புண்ணில் சீழ் வைத்தது, திரும்பவும் அறுத்தார்கள். மழை தொடங்குகிறபோது போனவன், மழை விட்டு வயல் அறுக்கிற சமயத்தில்தான் வீட்டுக்கு வந்தான். வரும்போது டாக்டரம்மா ஒரு சின்னக் குப்பியை எடுத்து, அதை அண்ணன் கையில் கொடுக்காமல் மைனி கையில் கொடுத்தார்.

"இதில அபினி சேர்ந்திருக்கு. இந்த நோவுக்கு இதைவிட நல்ல மருந்து என்கிட்ட இல்லை. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நோவு போன பிறகும் உடம்பு இதைக் கேட்கும். கேட்கிறது நோவா, மருந்தா என்று அவருக்கே தெரியாது. அதனால நீதான் கொடுக்கணும். வேளைக்கு, அளவுக்கு. வேற யாருக்கும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. மிச்சம் இருந்தா இங்கேயே கொண்டு வா."

மைனி எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். டாக்டரம்மா, "சரி" என்றார். மைனி விடவில்லை. "பிள்ளைங்களுக்குப் போனா?" என்று கேட்டாள். டாக்டரம்மா, "பிள்ளை தூங்கும். பிறகு எழும்பாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மைனி அந்தக் குப்பியைத் தன் கல்யாணப் பெட்டியில், சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிச் சரட்டில் கோர்த்துக்கொண்டாள்.

தெருவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய மருந்து வந்திருக்கிறது, எந்த நோவும் நின்றுவிடும் என்று பேச்சாகிவிட்டது. முதுகு வலிக்காரர் வந்தார், பல் வலிக்காரி வந்தாள். மைனி எல்லோரையும் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், மருந்து மட்டும் கொடுக்கவில்லை. வடக்கு வீட்டுக்காரி, பல் முளைக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"ஏட்டி, ஒரு சொட்டு தா போதும். ஊசி முனையில தொட்டு நாக்குல வச்சிருதேன். பிள்ளை அழுது என் உயிரை எடுக்குது."

"மருந்து தரமாட்டேன் அக்கா. பிள்ளையத் தாங்கோ."

"என்னது?"

"பிள்ளைய என்கிட்ட தந்துட்டுப் போய்ப் படுங்கோ. நீங்க தூங்கி எழும்பின பிறகு வந்து வாங்கிக்கிடுங்கோ."

அந்தப் பிள்ளை சாயங்காலம் வரை மைனியின் தோளில் கிடந்து கத்தியது. அவள் ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு மறு கையால் மரச்சீனிக் கிழங்கு கிளறினாள். அடுத்தடுத்த நாளும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் வடக்கு வீட்டுக்காரிக்கு ஆறவில்லை. கிணற்றடியில் எல்லோரும் கேட்கச் சொன்னாள்:

"டாக்டரம்மா வருகாங்கட்டி, வழிவிடுங்கோ! கேட்டா ஒரு சொட்டு இல்ல, செத்தா கூடவே கொண்டுபோகப் போறா!"

பெண்கள் சிரித்தார்கள். மைனி வாளியைக் கிணற்றில் விட்டுக்கொண்டே, "டாக்டரம்மான்னா நோய் பாக்கணும்லா அக்கா? நாக்க நீட்டுங்கோ. அது கொஞ்சம் வளர்ந்திருக்கு மாதிரி தோணுது" என்றாள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆனாலும் கருமி என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

அண்ணன் மெதுவாக மாறினான். முதலில் வேளைக்கு முன்னால் கேட்டான். பிறகு கெஞ்சினான். பிறகு ஏசினான். அண்ணன் அவளை ஏசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"நீ எனக்குப் பெண்டாட்டியா, போலீஸா?"

"ரெண்டும்தான். ரெண்டு வேலைக்கும் சம்பளம் கிடையாது."

கோபத்திலும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனைக் கேவலமாக ஒரு சொல் அவள் சொன்னதில்லை. 'இவருக்குப் பழகிப்போச்சு' என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. "நோவு தின்னுது மக்கா. பாவம்" என்றுதான் சொல்வாள். டாக்டரம்மா அளவைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். மைனி குறைத்துத்தான் கொடுத்தாள். அண்ணனும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான். சாந்தமாகிவிட்டான். எனக்குச் சந்தோஷம். மைனிக்கு மட்டும் சந்தோஷம் இல்லை.

"ஏட்டி, இங்க வா. உங்க அண்ணன் கண்ணப் பாரு. நடுவுல உள்ள கறுப்பு கடுகு மாதிரி இருக்கு, பாத்தியா?"

"வெளிச்சத்துக்கு இருக்கும் மைனி."

"உள் அறையில ஏது வெளிச்சம்?"

பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து வெயிலில் பிடித்தாள். மருந்து சரியாக அந்தக் காகிதப் பல்லில் நின்றது. அவளுக்குத் தெரியாமல் ஒரு சொட்டும் போகவில்லை. ஆனால் ஆள் மட்டும் இரண்டு மடங்கு குடித்தவனைப் போல மயங்கிக் கிடந்தான்.

நோய்க்காரரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ரொட்டி, ஏத்தன்பழம், பனங்கற்கண்டு என்று ஏதாவது கொண்டு வருவார்கள். அண்ணனின் கூட்டாளி ஒருவர், அவரும் மாட்டுத் தரகர்தான், சந்தை இல்லாத நாளெல்லாம் ரொட்டியோடு வருவார். வந்தால் கட்டிலில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அப்படி ஒரு நாள் அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது மைனி காப்பி கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன். இரண்டு பேரும் ஒரே துண்டை மடியில் விரித்து, அதற்கு அடியில் கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, ஒருவர் மற்றவர் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். எத்தனை விரல், எந்தக் கணு என்பதில் கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் வேறு என்னவோ பேசிக்கொண்டிருக்கும்.

"மாடு எங்க நிக்குது அண்ணாச்சி?" என்று மைனி கேட்டாள்.

கூட்டாளி சிரித்தார். "மனசுல நிக்குது தங்கச்சி. கை பழக்கம் விட்டுப்போகப்படாதுல்லா?"

அண்ணனும் சிரித்தான். மைனி காப்பியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அடுப்படியில் வந்து நின்றபடியே, "அங்க விலை பேசலட்டி. உங்க அண்ணன் என்னமோ கேக்குதாரு, அவரு சரிங்குதாரு" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த ஆளை, அதுவும் அண்ணன்மேல் உயிராக இருக்கிறவரை, மடியை அவிழ்த்துக் காட்டு என்று எப்படிக் கேட்பது?

மறு நாள் மத்தியானம் மருந்து வேளைக்கு மைனி குப்பியும் கரண்டியுமாகப் போனாள். "எழும்புங்கோ" என்றாள். அண்ணன் எழும்பவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினாள். கண் பாதி திறந்தது, மூடிக்கொண்டது. மூச்சு இழுத்து, நின்று, மறந்துபோனவன் ஞாபகம் வந்து இழுப்பதுபோல இழுத்தது. உதடு நாவற்பழம் தின்றது மாதிரி கறுத்திருந்தது.

மைனி குப்பியைத் திறக்கவே இல்லை. அப்படியே என் கையில் தந்தாள். "பெட்டியில வச்சுப் பூட்டிட்டு, ஓடிப்போய்க் கூட்டாளி அண்ணாச்சிய வண்டியோட கூட்டிட்டு வா."

நான் அவரோடு திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆள். அவள் அண்ணனை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்து, காதில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி மாப்பிள்ளை பேரைச் சொல்லாத காலம் அது. அவள் தெருவே கேட்கச் சொன்னாள். யாரோ புளித்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, வாயில் ஊற்று, வாந்தி வந்தால் சரியாகும் என்றார்கள். "முழிப்பு இல்லாத வாயில ஒண்ணும் ஊத்தப்படாது. மூச்சுல போயிரும்" என்று கையைத் தட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நர்சுகள் சொன்னதை மனதில் வாங்கி வைத்திருந்தாள்.

கூட்டாளி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்தப் பெரிய மீசைக்காரர் பிள்ளையைப் போல அழுதார்.

"தங்கச்சி, நான்தான் கொடுத்தேன். எங்க அப்பா கிடையில கிடந்தப்போ ஆஸ்பத்திரியில தந்தது மிச்சம் இருந்துது. இவன் கேட்டான். நீ குறைச்சுக் குறைச்சுக் கொடுக்குதன்னு சொன்னான். நோவு தாங்காம கேக்கான்னு நினைச்சேன். ரொட்டிக் காயிதத்துல பொதிஞ்சு கொண்டு வந்தேன். கொல்லவா கொண்டு வந்தேன் நான்?"

"குப்பி எங்க?"

"தலையணைக்குள்ள வச்சிருக்கான்."

மைனி தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சுக்குள் கையை விட்டாள். குப்பி வந்தது. காகிதம் உரிந்துபோய், எது அளவு என்று தெரியாத குப்பி. அதை மடியில் செருகிக்கொண்டாள்.

"அழறதுக்குப் பிறகு நேரம் இருக்கு அண்ணாச்சி. மாட்டைப் பூட்டுங்கோ."

வழி முழுக்க அவள் அண்ணனைத் தூங்க விடவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூச்சு நிற்கும்போதெல்லாம் நெஞ்சில் கைமுட்டியால் உரசினாள். டாக்டரம்மா குப்பியைப் பார்த்ததும், "இதைக் கொண்டு வந்தது நல்ல காரியம். என்ன குடிச்சான்னு தேட வேண்டாம்" என்று உள்ளே கொண்டுபோனார். வெயில் சாய்ந்த பிறகு நர்சு வந்து, தண்ணீர் கேட்கிறார் என்றாள். அப்போதுதான் மைனி தரையில் உட்கார்ந்தாள். கூட்டாளி அவளுக்கு எதிரே, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, துண்ட எடுங்கோ. தெரியாமச் செஞ்சிய. இனி தெரிஞ்சு ஒரு காரியம் செய்யணும். மருந்து வேளைக்குத் தெனமும் வந்து அவருகூட இருக்கணும். கேக்குததுக்குச் சரின்னு சொல்ல உங்களால முடிஞ்சுதுல்லா, இல்லன்னு சொல்லவும் உங்களாலதான் முடியும். நான் சொன்னா அது பெண்டாட்டி பேச்சு."

வேறு யாராயிருந்தாலும் அந்த மனிதரை வீட்டு வாசலில் கால் வைக்க விட்டிருக்க மாட்டார்கள். நான் விட்டிருக்க மாட்டேன். அவளுக்கு அவர் தேவைப்பட்டார். அதை அவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டாள்.

டாக்டரம்மா ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்த அன்று மைனி அண்ணனிடம் ஒன்று கேட்டாள்.

"நம்ம தெருவுல ஒவ்வொரு வீட்டு உத்தரத்துலயும் இந்த மாதிரி மிச்சக் குப்பி இருக்கும். போய்க் கேக்கப் போறேன். எதுக்குன்னு கேப்பாங்க. உங்களப் பத்திச் சொல்லவா, வேண்டாமா?"

அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் போகவில்லை, நின்றாள். சுவரைப் பார்த்தபடியே, "சொல்லு" என்றான்.

தலையில் பனையோலைக் கடவப்பெட்டியை வைத்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். மாப்பிள்ளைக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். யாரையும் பயமுறுத்தவில்லை. "மருந்து நல்ல மருந்துதான். யாருக்குத் தந்தாங்களோ அவங்களுக்கு மட்டும் நல்லது" என்றாள். சில பேர் கேலி செய்தார்கள். "ஏட்டி, பழைய குப்பி வியாபாரம் தொடங்கியாச்சா?" என்றார் ஒருவர். "ஆமா மாமா, உள்ள இருக்குததோட எடுப்பேன்" என்றாள். வெள்ளை மருந்து, சிவப்பு மருந்து, பேர் தெரியாதது, மூடி இறுகினது, செத்துப்போனவர்களுக்கு வாங்கினது என்று பெட்டியில் நிறைந்துகொண்டே போனது. வடக்கு வீட்டுக்காரியிடம் கேட்கத் தயங்கினோம். அவளே வாசலில் நின்றிருந்தாள். முந்தானையிலிருந்து சாணி உருண்டை போலக் கறுப்பாக ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"நீ தரமாட்டேன்னதும் தோவாளைப் பக்கம் ஆள விட்டு அபினி வாங்கினேன். கொடுக்கத்தான் நினைச்சேன். நீ தெனமும் பிள்ளைய வாங்கி வச்சுக்கிட்டதால எனக்குக் கொடுக்க வேண்டி வரல்ல."

மைனி அந்த வீட்டுக்காரியின் தோளிலிருந்த பிள்ளையின் காலைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தாள்.

அந்தப் பெட்டியை ஆஸ்பத்திரியில் இறக்கியபோது கம்பவுண்டர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருக்காரர்கள் மிச்ச மருந்தை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்கிற வழக்கத்துக்கு வந்தார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

அண்ணன் பட்ட பாட்டை எழுதக் கை வரவில்லை. அளவு குறைந்த நாளெல்லாம் கொட்டாவி விடுவான், மூக்கு ஒழுகும், உடம்பு வேர்த்து ஒழுகும், கால் தானாகத் துள்ளும். கூட்டாளி சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். துண்டை விரிப்பார். அண்ணன் கையை உள்ளே இழுத்து, இல்லாத மாட்டுக்கு விலை கேட்பார். "ஏலே, கொம்பு வளஞ்ச மாட்டுக்கு இதுவா விலை? மலையாளத்தான்கூட இதைவிடக் கூட்டித் தருவான்லே!" என்று சத்தம் போடுவார். அண்ணன் விரல் நடுங்கும். நடுங்கிக்கொண்டே எதிர் விலை சொல்லும். சில நாள் அண்ணன் அழுதுகொண்டே அந்த விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மருந்து கேட்பான். "இல்லலே. அது மட்டும் இல்ல. வேற எது வேணுமோ கேளு" என்பார் அவர். சொல்லிவிட்டு வெளியே வந்து மாமரத்தடியில் நின்று தானும் அழுவார். மைனி அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஒரு நாள் டாக்டரம்மா, இனி வேண்டாம் என்றார். மைனி மிச்சத்தைக் கம்பவுண்டர் மேஜையில் வைத்துவிட்டு, வெறுங்கையை இரண்டு தடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் நம்பவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட வைத்தால் சாப்பிடுவான், படுக்கச் சொன்னால் படுப்பான். எதை வைத்தாலும் ருசி பார்க்காமல் விழுங்குவான். அந்த மருந்து வந்த நாளிலிருந்தே அவனுக்கு நாக்கு இல்லாமல் போயிருந்தது. ஆள் வீட்டில் இருக்கிறான், ஆனால் வந்து சேரவில்லை என்பதுபோல இருந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் உள்ளித்தீயல் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். நான் தண்ணீர் கொண்டு வந்துகொண்டிருந்தேன். அண்ணன் ஒரு வாய் வைத்தான், நிறுத்தினான், கையை உதறினான்.

"இது என்ன தீயலா? தேங்காய வறுத்தியா, சும்மா வெயில்ல காட்டி எடுத்தியா? உப்பும் இல்ல, புளியும் இல்ல. மனுசன் திங்குததா இது?"

தெருக்கோடி வரை கேட்டது. மைனி அகப்பையும் கையுமாக அடுப்படி நிலையில் வந்து நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னும் ஒரு தடவ சொல்லுங்கோ," என்றாள்.